தம்பியின் கழுத்தும் என் இருதயமும்

இடது கையைத் தோளுக்கு மேலே உயர்த்தக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, இந்தக் கட்டுப்பாடு. தலை சீவி இழுப்பதிலிருந்து அலுமாரியின் மேல்தட்டில் சாமான் எடுப்பது வரை எல்லாம் மாமிதான் செய்கிறார். என் வலது கை சும்மா இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்ததும் "என்ன வருத்தமாம்?" என்று நோயை விசாரிக்கிறார்கள். முதலில் வந்தவருக்கு இருதயம் என்றேன். அடுத்து வந்தவருக்குத் தசை என்றேன். மூன்றாவது ஆளிடம் பரம்பரை என்று தொடங்கினேன், அவர் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூன்றும் பொய் இல்லை. ஆனாலும் அவர்கள் போன பிறகு நான் எதையும் சரியாகச் சொல்லவில்லை என்ற எண்ணம் மனதைக் குடைகிறது. டொக்டர் என் கொப்பியில் படம் கீறிக் காட்டித்தான் அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்க்கும்போது விளங்குகிறது. கொப்பியை மூடினால் விளங்கியது எங்கே போகிறது என்று தெரியவில்லை. விளங்கிய மட்டும் எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது நெடுந்தீவில், வாழ்க்கைப்பட்டது வேலணையில், இரண்டும் யாழ்ப்பாணத்துத் தீவுகள். இங்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை காலை பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசில் இருந்த எண்கள் கலங்கின. பிறகு பார்த்தால் கூரை ஓடு தெரிகிறது. என்னைச் சுற்றி முகங்கள். என் தலைமயிருக்குள் பருப்பு.

வரிசையில் நின்றவர்கள் அந்த இடத்திலேயே எனக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் பிரஷர் என்றார், ஒருவர் சீனி வருத்தம் என்றார். விரதம் பிடித்ததால்தான் மயக்கம் என்று பெரும்பாலானோர் முடிவு கட்டினார்கள். நானும் விரதத்தின் மேலேயே பழியைப் போட்டேன். கொஞ்ச மாதமாகப் பஸ் ஏறினாலே மூச்சு வாங்கியதையும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை. முப்பத்தொன்பது வயதில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் நேர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பவும் பிடித்தார். பிறகு மற்ற நேர்ஸின் மணிக்கூட்டைக் கழற்றி வாங்கிப் பார்த்தார். நிமிடத்துக்கு முப்பத்தாறு துடிப்பு. அங்கிருந்த டொக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஓட்டப்போட்டி, விளையாட்டு ஏதும் செய்யிறனீங்களோ?" என்று கேட்டார். விளையாட்டுக்காரருக்கு நாடித் துடிப்பு குறைவாக இருக்குமாம். சங்கக்கடையில் வேலை என்றேன். அவர் உடனே அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தார்.

யாழ்ப்பாணம் போகிற பண்ணைப் பாலத்தை எத்தனையோ தரம் பஸ்ஸில் கடந்திருக்கிறேன். அன்று படுத்தபடி கடந்தேன். கடலைக் காணவில்லை, வானம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இவர், என் கணவர், பக்கத்தில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். யாழ்ப்பாணத்தில் அந்தப் பையைத் திறந்தபோது உள்ளே இரண்டு தலையணை உறை, ஒற்றைச் செருப்பு, ஒரு சீப்பு, அடையாள அட்டை. உடுப்பு ஒன்றும் இல்லை. "கைக்கு வந்ததை அள்ளிப் போட்டனான்," என்றார். எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அந்தப் பையைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் என்ன நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்ல எனக்கு ஏலாது. என் நினைவில் அது உட்கார்ந்த வாங்குகளும் நின்ற வரிசைகளுமாகத்தான் இருக்கிறது. நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். குளிர்ந்த களிம்பு பூசி ஸ்கான் எடுத்தார்கள். பிறகு தொடை இடுக்கு வழியாக ஒரு மெல்லிய வயரை இருதயம் வரை விட்டு, வெளியே ஒரு சின்னப் பெட்டியில் கொழுவினார்கள். அந்தப் பெட்டிதான் என் இருதயத்தை அடிக்க வைத்துக்கொண்டிருந்தது. இருதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மின்கட்டளை போக வேண்டுமாம். எனக்கு மேல் அறை சொல்கிறது, கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை. இவ்வளவும் எனக்கு விளங்கியது. ஏன் சேரவில்லை என்று கேட்டபோதுதான் குழப்பம் தொடங்கியது.

மாமி தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். இவரின் அம்மா, எழுபதை நெருங்குகிறவர். அவரின் வாய்க்குப் பயந்து எங்கள் ஒழுங்கையில் நாய்கூடச் சத்தமில்லாமல் போகும். புட்டையும் முட்டைப் பொரியலையும் துவாயால் சுற்றிச் சூடு ஆறாமல் கொண்டுவருவார். நான் படுத்திருந்தபடி சாப்பிட வேண்டியிருந்ததால் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வாயில் வைப்பார். வைத்துக்கொண்டே, நான் ஒழுங்காகச் சாப்பிடாமல்தான் இந்த நிலைக்கு வந்தேன் என்று பேசுவார்.

மூன்றாம் நாள் ஒரு பெண் டொக்டர் வந்தார். இளம் வயது, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்த முகம். இருதயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, ரெண்டு கையையும் நேரா நீட்டுங்கோ."

நீட்டினேன்.

"இன்னும்."

"நீட்டித்தான் வைச்சிருக்கிறன்."

இவரையும் பக்கத்தில் நின்று கைகளை நீட்டச் சொன்னார். இவரின் கைகள் கம்பு போல நேராக நின்றன. என் கைகள் தேத்தண்ணீர்த் தட்டைப் பிடித்திருப்பது போல முழங்கையில் கொஞ்சம் மடிந்திருந்தன. இன்னும் நேராக்க முயன்றேன், ஏலவில்லை. முப்பத்தொன்பது வருடமாக என்னோடு இருக்கிற கைகள். எனக்கு இது தெரியாது.

"இப்ப தாடையை நெஞ்சிலை முட்டுங்கோ."

முட்டியது என்றுதான் நினைத்தேன். அவர் தன் இரண்டு விரலை இடையில் வைத்துக் காட்டினார். விரல்கள் தாராளமாக நுழைந்தன.

"உங்கடை வீட்டிலை வேறை ஆருக்கும் இப்பிடி இருக்கோ? கை நீட்ட ஏலாம, கழுத்துக் குனிய ஏலாம, குதிக்கால் நிலத்திலை முட்டாம நடக்கிற ஆக்கள்?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது தம்பி என் கண்ணுக்குள் வந்து நின்றான். செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, கலியாண மண்டப வாசலில்.

அதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கக் கலியாணத்தில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பி தோழனாக நின்று அவரின் காலைக் கழுவுவான். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். பிறகுதான் உள்ளே வருவார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் கலியாணத்தில் என் தம்பி சுதன் தோழனாக நின்றான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவன் குனியவில்லை. நின்ற நிலையில் செம்பைக் கவிழ்த்தான். தண்ணீர் இடுப்பு உயரத்திலிருந்து விழுந்து இவரின் வேட்டியையும் பக்கத்தில் நின்ற மாமியின் புதுப் பட்டுச்சேலையையும் நனைத்தது. அவன் முகம் நேரே பார்த்தபடி இருந்தது, மாப்பிள்ளை வீட்டார் யாரும் அங்கே நிற்காதது மாதிரி.

மாமி கையில் வைத்திருந்த மோதிரப் பெட்டியை மூடினார். "தீவாற்றை திமிர்," என்றார். அவரும் தீவு ஆள்தான், ஆனால் வேலணைக்கு நெடுந்தீவு இன்னும் தூரத் தீவு. மோதிரம் போடாமலே மாப்பிள்ளை உள்ளே வந்தார். தாலி கட்டு முடிந்ததும் நான் தம்பியைத் தனியே கூப்பிட்டு, "வேணுமெண்டு செய்தனீ, என்ன?" என்று கேட்டேன். அவன் "ஓம்" என்றான். அந்த "ஓம்" என்ற ஒப்புதலை நான் பன்னிரண்டு வருடம் மனதில் வைத்திருந்தேன்.

அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நெடுந்தீவில் மாடு வளர்க்கிறான். மாதத்துக்கு ஒரு போத்தல் நெய் குறிகட்டுவான் படகுத்துறைக்கு வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவான். நான் போத்தலைக் கழுவித் திருப்பி அனுப்புவேன். எங்களுக்குள் போக்குவரத்து அவ்வளவுதான். ஊரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயரும் இருந்தது, வளைந்து கொடுக்காத விறைச்சர் வீடு என்று. எங்கள் அப்பாவும் கோயிலில் தலை குனிந்து விபூதி வாங்க மாட்டார், நெற்றியைத்தான் நீட்டுவார். அதையும் பெருமை என்றே எல்லோரும் நினைத்தார்கள். பெற்ற பிள்ளையான நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா நாற்பத்துநாலு வயதில் நெடுந்தீவு இறங்குதுறையில் கால் வைத்த இடத்தில் விழுந்து முடிந்துபோனார். மாரடைப்பு என்றார்கள்.

இதையெல்லாம் டொக்டரிடம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "தம்பிக்கு இப்ப எத்தினை வயசு?"

"முப்பத்துநாலு."

"நெஞ்சு எப்பவாவது சோதிச்சவரோ?"

"அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, டொக்டர். திமிர் மட்டும்தான்."

சொல்லி முடித்த பிறகு நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. டொக்டர் சிரிக்கவில்லை. என் கொப்பியை வாங்கிப் படம் கீறத் தொடங்கினார்.

அவர் சொன்னதை எனக்கு ஏற்ற மாதிரி எழுதுகிறேன். உடம்பு கோடிக்கணக்கான கலங்களால், அதாவது செல்களால், ஆனது, ஒவ்வொரு கலத்துக்கும் நடுவில் ஒரு கரு இருக்கிறது. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். முட்டைக்குள் மஞ்சள் கரு மிதப்பது போல அது மிதக்கிறது என்று நான் பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன். அது மிதக்கவில்லையாம். கலத்துக்குள் குழியவன்கூடு என்று ஒன்று இருக்கிறது, கலத்தின் உருவத்தைத் தாங்குகிற மெல்லிய நார்களின் கூட்டம். கரு அந்த நார்களோடு கட்டப்பட்டிருக்கிறது. கலத்தை இழுத்தால் நார் இழுபடும், நார் இழுபட்டால் கருவும் இழுபடும்.

"கட்டு எங்கை இருக்கு?" என்று இவர் கேட்டார். இவர் கொத்துவேலை செய்கிறவர், கட்டு என்றால் எங்கே என்று பார்க்காமல் விடமாட்டார்.

டொக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "லைனிங் வைச்சுத் தைச்ச பிளவுஸ் இருக்குத்தானே, அம்மா? வெளித்துணி ஒண்டு, உள்துணி ஒண்டு. கொளுக்கியை வெளித்துணியிலை மட்டும் தைச்சா என்ன நடக்கும்?"

"பிய்ஞ்சு வந்திடும். லைனிங்கையும் சேர்த்துத்தான் தைக்கவேணும்."

"அதுதான். கருவைச் சுத்தி ரெண்டு மெல்லிய சவ்வு இருக்கு. அதுக்கு உள்ளுக்கு லமின் எண்டொரு புரதம் லைனிங் மாதிரி ஓடுது. வெளியிலை இருக்கிற நாரைப் பிடிக்கிற புரதம் ஒண்டு வெளிச் சவ்விலை நிக்குது. உள்ளுக்கு லைனிங்கைப் பிடிக்கிற புரதம் இன்னொண்டு. ரெண்டும் சவ்வுகளுக்கு இடையிலை ஒண்டையொண்டு கோத்துப் பிடிச்சிருக்கு. உங்கடை உடம்பிலை அந்த லைனிங் பழுதெண்டு நினைக்கிறம். இழுக்க இழுக்கத் தையல் தாங்காது."

எந்த உறுப்பு ஓயாமல் இழுபடுகிறதோ அதற்குத்தான் சேதம் அதிகமாம். தசை இழுபடும், இருதயம் நித்திரையிலும் இழுபடும். காலப்போக்கில் தசைநார்கள் குறுகி முழங்கையும் கழுத்தும் குதிக்காலும் விறைத்துவிடும். இருதயத்தில் மின்கட்டளை போகும் வழி கெட்டுப்போகும். சில பேருக்குக் கட்டளை தாறுமாறாகி இருதயம் சடுதியாக நின்றுவிடும். இந்த வருத்தத்துக்கு வெளிநாட்டு டொக்டர்மார் இரண்டு பேரின் பெயரை வைத்திருக்கிறார்கள். கொப்பியில் எழுதித் தந்தார், என் வாயில் நுழையவில்லை. உறுதிப்படுத்த இரத்தம் கொழும்புக்குப் போக வேண்டும், முடிவு வர மாதக்கணக்காகும், அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றார்.

"எல்லாக் கலத்திலையும் அந்த லைனிங் இருக்கெண்டால், ஏன் மூளை, ஈரல் எல்லாம் சரியா இருக்கு?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்கும் முழுசா விளங்கேல்லை, அம்மா."

"தம்பிக்குக் கழுத்து, எனக்கு நெஞ்சு. ஒரு தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள்தானே?"

"அதுவும் விளங்கேல்லை. ஆனால் கழுத்து விறைச்ச ஆளுக்கு நெஞ்சு நல்லா இருக்குமெண்டு நினைக்கக் கூடாது. உங்கடை தம்பி கெதியா வரவேணும். நாளைக்கெண்டாலும் நல்லது."

தனக்கும் விளங்கவில்லை என்று ஒரு டொக்டர் சொன்னது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவரின் கடைசி வசனம் அப்பாவை நினைவுபடுத்தியது. அப்பா விழுந்த இறங்குதுறைக்குத்தான் தம்பியும் நெய்ப் போத்தலோடு போய் வருகிறான்.

அவனுக்குப் போன் எடுத்தேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு என் குரலைக் கேட்டு அவன் முதலில் "ஆர்?" என்றான். நான் லைனிங், கொளுக்கி என்று தொடங்கி, கரு என்று குழம்பி, அழுது, கடைசியில் "வா" என்றேன்.

"எனக்கு ஒண்டுமில்லை," என்றான். "மாடு கண்டுக்குட்டி போடுற நேரம். நீ உன்ரை உடம்பை வடிவாப் பார்த்துக்கொள்."

பிறகு எடுத்தால் அடித்துக்கொண்டே இருந்தது. இவர் தன் போனில் எடுத்துப் பார்த்தார். அதற்கும் பதில் இல்லை. அந்தப் பின்னேரம் நான் நன்றாகப் பயந்தேன். என் இருதயத்துக்கு ஒரு பெட்டி இருந்தது, அவன் இருதயத்துக்கு ஒன்றும் இல்லை. அவன் விழுந்தால் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வரவே ஒரு மணித்தியாலம் படகில் இருக்க வேண்டும்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாங்கில் இருந்தார். "உந்த டொக்டர்மாருக்கு எல்லாத்துக்கும் ஒரு வருத்தம் இருக்கு. திமிருக்கும் வருத்தமாம்," என்றார். இவர் தன் போனில் எங்கள் கலியாண வீடியோவைத் தேடி எடுத்தார். இவரின் அண்ணர் கனடாவிலிருந்து எப்போதோ அனுப்பியிருந்தார். மாமி அந்த வீடியோவைப் பார்க்கும் நாளெல்லாம் வாசல் பகுதியை ஓட்டிவிடச் சொல்லுவார். அன்று இவர் ஓட்டவில்லை. வாசல் பகுதியில் நிறுத்தி, மாமியின் கையில் கொடுத்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். தம்பி செம்போடு வருகிறான். நுனிக்காலில்தான் நடக்கிறான், அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. இவரின் முன்னே வந்து முழங்காலை மடக்கிக் குந்தப் பார்க்கிறான், பின்பக்கம் சாய்ந்து சமாளித்து நிமிர்கிறான். இடது கை பக்கத்தில் எதையோ பிடிக்கத் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் இடுப்பை வளைக்கிறான், முதுகு பலகை போல வருகிறது. பிறகு முகத்தை நிமிர்த்தி, பல்லைக் கடித்து, செம்பைக் கவிழ்க்கிறான்.

மாமி அதை மூன்று தரம் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதாகச் சொல்லி எழும்பினார்.

அடுத்த நாள் புட்டு வரவில்லை. மாமியும் வரவில்லை. போன் எடுத்தால் கடல் இரைச்சல் கேட்டது. பிறகு வெட்டுப்பட்டது. மாமி வாழ்க்கையில் ஒருநாளும் நெடுந்தீவுக்குப் போனதில்லை. படகில் கால் வைத்தாலே தலை சுற்றுகிற ஆள். நயினாதீவுத் திருவிழாவுக்குக்கூடக் குறிகட்டுவானில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்.

அங்கே என்ன நடந்தது என்பதை மாமி இதுவரை நான்கு விதமாகச் சொல்லியிருக்கிறார். படகில் தான் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். மிச்சம் ஒன்றுதான். கல்வேலிக்குள்ளே தம்பி மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். மாமியைக் கண்டு திகைத்துவிட்டான். மாமி சுகம் விசாரிக்கவில்லை.

"தம்பி, உம்மடை தலையை ஒருக்காக் குனியும், பாப்பம்."

"ஏன், மாமி?"

"குனியுமன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டானாம். பிறகு குனியப் பார்த்தானாம். தாடை நெஞ்சுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. மாமி கல்வேலியில் சாய்ந்து இருந்துவிட்டார். பிறகு, "உடுப்பை மாத்தும், அடுத்த படகுக்குப் போவம்," என்றார். மாட்டைப் பற்றி அவன் ஏதோ சொல்ல, "மாட்டை அயலட்டைச் சனம் பாக்கும். உமக்கு ஆர் பாக்கிறது?" என்று கேட்டாராம்.

பின்னேரம் நான்கு மணிக்கு இரண்டு பேரும் வாட்டு வாசலில் நின்றார்கள். மாமியின் சேலை உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பிக்கு ஈசீஜி எடுத்தார்கள். கடதாசியைப் பார்த்த டொக்டர் அவனைத் திரும்ப நடக்க விடவில்லை. சக்கரக் கதிரையில் இருத்தித்தான் கொண்டுபோனார்கள். அவனுக்கு நாடித் துடிப்பு நாற்பது, இடையில் தாறுமாறான துடிப்புகளும் இருந்தன. எனக்கு வைக்க வேண்டிய கருவிதான் அவனுக்கும் என்றார்கள். பேஸ்மேக்கரில் ஒரு வகை. இருதயம் மெதுவானால் தட்டி எழுப்பும், தறிகெட்டு ஓடினால் ஓர் அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும். பிய்ந்த லைனிங்கைத் தைக்க அதற்கு ஏலாது. அதைத் தைக்க இன்னும் யாருக்கும் ஏலாது. இருதயம் நின்றுபோகாமல் காவல் இருக்கும், அவ்வளவுதான்.

எனக்குத் தற்காலிக வயர் இருந்ததால் அவனுக்குத்தான் முதலில் வைத்தார்கள். அவனை உள்ளே கொண்டுபோன நேரம் முழுக்க மாமி கதவுக்கு வெளியே நின்றபடியே இருந்தார். இவர் கதிரை கொண்டுபோய் வைத்தும் அதில் இருக்கவில்லை. எனக்கு இரண்டு நாள் கழித்து வைத்தார்கள்.

எனக்கு எழும்பி நடக்கலாம் என்று சொன்ன அன்று ஆண்கள் வாட்டுக்குப் போனேன். தம்பி தலையணையில் சாய்ந்திருந்தான். இரண்டு பேருக்கும் இடது தோளுக்குக் கீழே ஒரே மாதிரிக் கட்டு.

"வீடியோ பார்த்தனான்," என்றேன். "குனியப் பார்த்திருக்கிறாய். ஏன் அண்டைக்கே ஏலாதெண்டு சொல்லேல்லை?"

"சொன்னா என்னைத் தோழனா விடமாட்டினம்."

"விடாட்டில் என்ன? சித்தப்பான்ரை மகன் நிண்டிருப்பான்தானே. அதுக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். நான் கேட்டனான். நீ 'ஓம்' எண்டனீ."

அவன் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டான். "பத்தாம் வகுப்பிலையே எனக்குத் தெரியும், அக்கா. அம்மாவுக்கும் தெரியும். வெளியாலை சொல்லாதை எண்டு அம்மா சொன்னவா. விறைச்சர் வீட்டிலை வருத்தம் இருக்கெண்டு தெரிஞ்சா உன்ரை கலியாணம் நிண்டுபோகும். திமிர் எண்டால் ஏசிப்போட்டு விட்டிடுவினம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவனைப் பன்னிரண்டு வருடம் திமிர்க்காரனாக வைத்திருந்தது மாமி மட்டுமா, நானும்தானே. அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கை முழுதாக நீளவில்லை, என்னுடையதும் நீளவில்லை. பிறகு அவன், "நெய்ப் போத்தலை ஏன் ஒவ்வொரு தரமும் கழுவி அனுப்பினனீ? மற்ற வீடுகளிலை கழுவாமல், நெய் மணத்தோடைதான் நான் போத்தலைக் கேட்டு வாங்குவன்," என்றான்.

எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாடகைக்குப் பிடித்த வான் நின்ற இடத்துக்குப் போகிற வழியில் தம்பியின் நுனிக்கால் சேற்றில் வழுக்கியது. இவர் பிடித்துக்கொண்டார், ஆனால் இரண்டு காலும் கணுக்கால் வரை சேறு. மதிலோரம் ஒரு பைப் இருந்தது. வீட்டில் என்றால் தம்பி நின்றபடி தண்ணீரை ஊற்றி, ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்துக்கொள்வானாம். அன்று ஒரு கையைத் தூக்க ஏலாது, ஒரு கையால் மதிலைப் பிடிக்க வேண்டும். சேற்றோடேயே வானில் ஏறப் பார்த்தான்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைப்படியில் குந்தினார். தம்பியின் காலை எடுத்துத் தண்ணீருக்குக் கீழே வைத்தார்.

"விடுங்கோ அத்தான், ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

மாமி வானின் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். "விரலிடுக்கையும் வடிவாத் தேச்சுவிடு," என்றார். இவர் தேய்த்தார்.

தம்பிக்குத் தர்மசங்கடம் தாங்கவில்லை. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். "கால் கழுவின ஆளுக்கு மோதிரம் போடவேணும். என்னட்டை மோதிரம் இல்லை, அத்தான்."

மாமி கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, இவரின் ஈரக் கையில் வைத்தார். அந்தப் பெட்டியை நான் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு காண்கிறேன்.

"உமக்குப் போடவேண்டியதுதான் இன்னும் கிடக்குது," என்றார் தம்பியிடம். "கையை நீட்டும்."

தம்பி மதிலை விட்டுவிட்டு வலது கையை நீட்டினான். முழங்கை நேராகவில்லை. இவர் எழும்பி, இன்னும் கிட்டப் போய், போட்டுவிட்டார்.